மணி அடித்த கூறை

பதுளையில் நான் வேலை பார்த்த புடைவைக் கடைக்கு வரும் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், கடைக்குள் நின்று ஒரு முடிவும் எடுக்கமாட்டார்கள். விரித்துக் காட்டச் சொல்வார்கள், மடியில் போட்டுத் தடவுவார்கள், விலையைக் கேட்டு நெஞ்சில் கை வைப்பார்கள். வேண்டுமா வேண்டாமா என்பதை மட்டும் தெருவில் போய்த்தான் தீர்மானிப்பார்கள். சேலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாசலைத் தாண்டி, நடைபாதையில் இறங்கி, வெயிலில் பிடித்துப் பார்க்க வேண்டும். மடுல்சீமை, லுணுகலைப் பக்கம் இருந்து வருகிற எங்கள் ஆட்களுக்குக் கடை லைட்டில் துளிகூட நம்பிக்கை கிடையாது. கடையில் அரக்காக இருந்த சேலை லயத்து வீட்டு வாசலில் செங்கல் நிறமாகிப்போன கதை ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கிறது. மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்ப்பார்கள், வராத வெயிலை வைவார்கள், மறு சனிக்கிழமை திரும்பி வருவார்கள்.

அவர்களோடு தெருவுக்குப் போய் வருவது என் வேலை. சேலையின் ஒரு முனையை நான் பிடிக்க, மறு முனையை அவர்கள் பிடிப்பார்கள். பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பாதிப் பேர் கேட்காமலேயே அபிப்பிராயம் சொல்வார்கள். கொண்டக்டர்கள்கூட ஆளை ஏற்றுவதை விட்டுவிட்டு, அந்தப் பச்சை அக்காவுக்கு எடுக்காது என்பார்கள். நானும் தோட்டத்துப் பிள்ளை என்பதால் எனக்கு இதில் ஓர் அதிசயமும் தெரிந்ததில்லை. சேலை என்றால் இப்படித்தான் வாங்குவார்கள் என்று நினைத்திருந்தேன்.

இந்த ஒழுங்கைக் கெடுக்க வந்தவர் முதலாளியின் மருமகன். கத்தாரில் ஒரு பெரிய அங்காடியில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் வந்தவர். வந்த கையோடு எங்கள் கடையில் என்னென்ன இல்லை என்று கண்டுபிடிக்கத் தொடங்கினார். ஒருநாள் காலையில் கடைப் பெண்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் துரை பேசுவதுபோலப் பேசினார். ஒவ்வொரு சேலைக்குள்ளும் தபால் முத்திரை அளவில் ஒரு டேக் ஒட்டவேண்டும். வாசலில் இரண்டு வெள்ளைத் தூண் வரும், அதற்குப் பேர் கேட். தூண்கள் ரேடியோ அலையை விடும், டேக் பதில் சொல்லும், பணம் கட்டாத சேலை வாசலைத் தாண்டினால் கேட் கத்தும். பணம் கட்டியதும் சேலையை மேசையில் இருக்கும் ஒரு தட்டின்மேல் வைத்து எடுத்தால் டேக் தூங்கிவிடும். களவு குறையும், கையிருப்புச் சரியாகத் தெரியும், கடைக்கு ஒரு தரம் வரும் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினார்.

முதலாளி இதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எதிர்க்கடையில ஈக்குதா?"

"இல்ல மாமா."

"அப்ப வாங்குவம்."

ஒரு கடை ஏன் புதிய இயந்திரம் வாங்குகிறது என்று யாராவது பெரிய படிப்புப் படித்து ஆராய்ந்தால், அவர்களுக்கு என் பங்களிப்பு இது. எதிர்க்கடைக்காரர் போன வருஷம் கண்ணாடிக் கதவு போட்டிருந்தார். அந்தக் கதவு முதலாளியின் கண்ணில் விழுந்த தூசி. மருமகன் விரல் விட்டு எண்ணிய நியாயங்களில் ஒன்றுகூட அவர் காதில் ஏறவில்லை.

கேட் வந்தது. நடைபாதையைப் பார்த்தபடி இரண்டு பக்கமும் விறைத்துக்கொண்டு நின்றது. இந்த வீட்டிலிருந்து யார் எதை எடுத்துப் போகிறார்கள் என்று வாசலிலேயே நின்று பார்ப்பதால், கடைப் பெண்கள் நாங்கள் அதற்கு நாத்தனார் என்று பேர் வைத்தோம். அது பிடித்துக் கொடுத்த முதல் ஆள் முதலாளியின் மனைவிதான். அந்த அம்மாவின் கைப்பைக்குள் மடித்து வைத்த இரண்டு சேலைகள் இருந்தன. தங்கச்சிமாருக்குக் கொடுக்க எடுத்தாராம், வருஷா வருஷம் எடுப்பதுதானாம். கையிருப்புக் குறைவது ஏன் என்று முதலாளி எத்தனையோ வருஷமாக எங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து யோசித்தாரே, அதற்கு விடை கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் கடையில் களவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

ஆனால் தீபாவளி நெருங்கியபோதுதான் தொல்லை தொடங்கியது. தோட்டத்துப் பெண்கள் வழக்கம்போலச் சேலையை ஏந்திக்கொண்டு வெயிலுக்கு நடந்தார்கள். வழக்கமில்லாதபடி கேட் கத்தியது. அதன் சத்தம் சாதாரணச் சத்தம் இல்லை. மழைக்காலச் சில்வண்டு காதுக்குள் புகுந்ததுபோல ஒரு சத்தம். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும். ஒரு லுணுகலைக்கார அம்மா, பிள்ளைகள் பார்க்க, உறவுக்காரர் பார்க்க, அப்படி வாசலில் மாட்டிக்கொண்டார். நான் ஓடிப்போய், அது இயந்திரம், உங்களைச் சொல்லவில்லை என்று கெஞ்சினேன். அவர் சேலையை என் தோளில் போட்டார்.

"நாங்க கொழுந்து எடுக்குறவங்கதான் தாயி. களவெடுக்குறவங்க இல்ல."

நேரே எதிர்க்கடைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கடையின் சேலை ஒன்றைத் தெருவுக்குக் கொண்டுவந்து, எங்கள் வாசலுக்கு நேரே நின்று, வேண்டுமென்றே நிதானமாக வெயிலில் விரித்துப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. கேட்டை உதைக்கவேண்டும் போலவும் வந்தது. மருமகன் அசரவில்லை. ஜனங்கள் பழகிக்கொள்வார்கள் என்று சொல்லி, கொழும்பிலிருந்து பகல் வெளிச்சம் தரும் பல்பு ஒன்றை வரவழைத்துக் கடைக்குள் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடிக்கு மேலே மாட்டினார். பகலிலேயே பகல் வெளிச்சத்தைப் போட்டுக் காட்டுகிற கடையை எங்கள் பெண்கள் அதற்குமுன் பார்த்ததில்லை. பல்பைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், எதிர்க்கடைக்குப் போனார்கள்.

இந்த நிலைமையில்தான் என் கல்யாணம் வந்தது.

மாப்பிள்ளை மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டுகிறவர். நாங்களாக விரும்பிக்கொண்டது. அவர் வீட்டில் பாதி மனதோடுதான் சரி சொன்னார்கள். அவர் அம்மாவுக்கு டவுன் கடையில் வேலை செய்கிற பெண் என்றால் வாய்க்காரி என்ற எண்ணம். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது, எண்ணம் சரிதான். அதைவிடப் பெரிய தொல்லை அந்த அம்மாவின் நாத்தனார், அதாவது மாப்பிள்ளையின் அத்தை. தன் மகளை அவருக்குக் கட்டிவைக்க வேண்டும் என்று பிள்ளை பிறந்த நாளிலிருந்து முறை பேசி வைத்திருந்தவர். ஏதாவது ஒரு தடங்கல், ஒரு தும்மல், ஒரு பூனை கிடைத்தால் போதும், கல்யாணத்தை நிறுத்திவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் வழக்கத்தில் முகூர்த்தத்துக்கு உடுத்தும் கூறைச் சேலை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. அவர் அம்மா எங்கள் கடையில்தான் எடுப்பேன் என்று சொல்லியனுப்பினார். அன்பினால் அல்ல, நான் வேலை செய்யும் லட்சணத்தைப் பார்க்க. கூடவே நாத்தனாரும் வருகிறார் என்றார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. கூறையை வெயிலில் பார்க்காமல் அந்த அம்மா எடுக்கப்போவதில்லை. கூறை வாசலைத் தாண்டும்போது கேட் கத்தினால் அதைவிடப் பெரிய சகுனத் தடை வேறு எது. மாப்பிள்ளை வீட்டாரைச் சொந்தக் கடை வாசலிலேயே களவாணி ஆக்கிய மருமகள் என்று என்னைச் சாகும்வரை சொல்வார்கள், மருமகளாகவே ஆனால்.

வெட்கத்தை விட்டு முதலாளியிடம் போனேன். அவர்கள் வருகிற ஒரு மணித்தியாலம் மட்டும் கேட்டை நிறுத்திவைக்கக் கேட்டேன். முதலாளி மாடிப்படியை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். மருமகன் மேலே கையிருப்புப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்கு முதலாளி இவர், ஆனாலும் மருமகனுக்குப் பயம். மேசைக்குப் பின்னால் குனிந்து, கேட்டின் ப்ளக்கைத் தன் கையாலேயே பிடுங்கினார்.

"மருமகன்ட்ட சொல்லிராத புள்ள," என்றார்.

வேன் வந்து நின்றது. மாமியாராகப் போகிறவர் இறங்கியதும் நான் குனிந்து கும்பிட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாத்தனார் உட்காரவில்லை, கடையின் மூலைகளை ஆராய்ந்துகொண்டு நின்றார். நான் விரிக்க விரிக்க மூன்று சேலைகள் தேறின. மஞ்சளில் ஒன்று, சிவப்பில் ஒன்று, கடைசியாக அரக்கில் தங்கக் கரை போட்ட ஒன்று. மஞ்சளை வெயிலுக்குக் கொண்டு போனோம், வந்தோம். சிவப்பைக் கொண்டு போனோம், வந்தோம். கேட் ஊமையாக நின்றது. முதலாளி மதியத்து லுஹர் தொழுகைக்குப் பாங்கு கேட்டுப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். எனக்கு உயிர் வந்தது.

மருமகன் மாடியிலிருந்து இறங்கி முதலாளியின் இடத்தில் உட்கார்ந்ததை நான் கவனிக்கவில்லை. கூட்டும்போது விளக்குமாறு பட்டு ப்ளக் கழன்றிருக்கிறது என்று நினைத்து, பொறுப்பான மனிதர், அதை எடுத்து மாட்டிவிட்டார்.

அரக்குச் சேலையை மாமியாரே ஏந்திக்கொண்டு நடந்தார். அது அவருக்குப் பிடித்துவிட்டது என்று நடையிலேயே தெரிந்தது. ஒரு கால் வாசலுக்கு வெளியே, ஒரு கால் உள்ளே. கேட் கத்தியது.

கடை நின்றது. தெரு நின்றது. மாமியார் கையில் சேலையோடு அசையாமல் நின்றார். நாத்தனாரின் முகத்தில் தீபாவளி வந்ததை என் கண்ணால் கண்டேன்.

"பாத்தீங்களா அண்ணி? வாசப்படியிலயே தடங்கல். இந்தச் சம்பந்தம் வேணாம்னு சாமியே சொல்லுது."

மாப்பிள்ளையை இழந்துவிடுவேன் என்று நெஞ்சு பயந்தது. ஆனால் கடையில் வேலை செய்த வாய் இருக்கிறதே, அது நெஞ்சைக் கேட்டுப் பேசுவதில்லை. சாயம் போகுமா என்று கேட்டால் சாயம் போவதுதான் இப்போது பேஷன் என்று சொல்லிப் பழகிய வாய்.

"தடங்கல் இல்லீங்க, மணி அடிச்சிருக்கு," என்றேன். "மணிச் சத்தம் நல்ல சகுனம் இல்லையா? மஞ்சளும் போச்சு, செவப்பும் போச்சு, அதுக்கெல்லாம் அடிச்சுச்சா? இதுக்கு மட்டுந்தான் அடிச்சிருக்கு."

சில்வண்டுக் கத்தலை மணி என்று சொல்ல எனக்கு எப்படித் துணிவு வந்ததோ தெரியாது. மாமியார் என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு சேலையோடு திரும்பி வந்து, மேசைக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

அதற்குள் மருமகன் கேட்டருகே ஓடிவந்துவிட்டார். எல்லாவற்றையும் விளக்கிவிடுவது அவருடைய வியாதி. பயப்பட ஒன்றும் இல்லை, எல்லாச் சேலையிலும் டேக் இருக்கிறது, எதைக் கொண்டு போனாலும் கத்தும் என்று நாத்தனாரிடம் அடக்கமாக எடுத்துச் சொன்னார். என் கதை முடிந்தது என்று நினைத்தேன். நாத்தனார் மஞ்சள் சேலையைப் பறித்துக்கொண்டு, அப்படியானால் இதுவும் கத்தட்டும் பார்ப்போம் என்று வாசலுக்கு நடந்தார்.

அந்த நேரத்தில் முதலாளி பின்கதவால் பள்ளியிலிருந்து வந்தார். முன்னால் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. மேசைக்கு வந்தார், ப்ளக் மாட்டியிருப்பதைக் கண்டார், எனக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. குனிந்து பிடுங்கிவிட்டார்.

நாத்தனார் மஞ்சளோடு வாசலைத் தாண்டினார். சத்தமில்லை. உள்ளே வந்து, மறுபடி போனார். சத்தமில்லை. சிவப்பை எடுத்துப் போனார், உதறிக் காட்டினார், தூணில் தேய்த்தும் பார்த்தார். கேட் தவம் செய்கிற முனிவர்போல நின்றது. மருமகனின் முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். கத்தாரில் ஒருநாளும் தன்னைக் கைவிடாத இயந்திரம், பதுளையில், ஒரு கூட்டத்துக்கு நடுவில் கைவிட்டதை அவரால் தாங்க முடியவில்லை. கேட்டை மெதுவாகத் தட்டிப் பார்த்தார்.

நாத்தனார் லேசில் விடுகிற ஆள் இல்லை. அந்த அரக்கையும் இன்னொரு தடவை கொண்டு போய்ப் பார்க்கவேண்டும் என்று கையை நீட்டினார். முதலாளியின் கையில் இருந்த ப்ளக்கை நான் அப்போதுதான் பார்த்தேன். இப்போது அரக்கும் கத்தாது. வாயும் ஓர் அளவுக்குத்தான்.

மாமியார் சேலையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"சாமி ஒரு தடவ சொன்னாப் போதும். திருப்பித் திருப்பிக் கேட்டா அதுக்குக் கோவம் வரும்."

அவ்வளவுதான். பணம் கட்டி, சிட்டை போட்டாயிற்று. மருமகன் பழக்கதோஷத்தில், டேக்கைத் தூங்கவைக்கிறேன் என்று சேலையைத் தட்டின்மேல் வைக்கப் போனார். மாமியார் அவர் கையைத் தடுத்து, மணி அடித்ததை எதற்காகத் தூங்கவைக்க வேண்டும், அது அப்படியே இருக்கட்டும் என்றார். டேக்கோடு கூறை பைக்குள் போனது. அவர்கள் வாசலை நெருங்கியபோது, இவ்வளவு நேரமும் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்த முதலாளிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வியாபாரி அல்லவா. சத்தம் போடாமல் குனிந்து ப்ளக்கை மாட்டினார். கூறை வாசலைத் தாண்டும்போது கேட் ஊருக்கே கேட்கும்படி பாடியது. மாமியார் தலையை நிமிர்த்திக்கொண்டு வேனில் ஏறினார். நாத்தனார் பின்சீட்டில் போய் உட்கார்ந்தார்.

கதை வேனைவிட வேகமாக மடுல்சீமைக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த சனிக்கிழமை முதலில் வந்த குடும்பமே, மணி அடிக்கிற கூறை வேண்டும் என்று கேட்டது. கேட் கத்தியதால் ஓடிப்போன அதே பெண்கள், இப்போது கத்தாவிட்டால் கோபித்துக்கொண்டார்கள். சேலையை வெயிலுக்குக் கொண்டுபோவதே நிறம் பார்க்கவா சத்தம் கேட்கவா என்று தெரியாமல் போயிற்று. முதலாளி மேசைக்கு அடியில் காலால் அமத்துகிற சுவிட்ச் ஒன்று போட்டுக்கொண்டார். விற்காமல் கிடந்த சேலைகளுக்கு மணி நன்றாக அடித்தது. ஜனங்கள் பழகிக்கொள்வார்கள் என்று நான் அன்றே சொன்னேனே என்று மருமகன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவரிடம் உண்மையைச் சொல்ல எங்கள் யாருக்கும் மனம் வரவில்லை. எதிர்க்கடைக்காரர் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் இரண்டு வெள்ளைத் தூண்களை நட்டார். முதலாளிக்கு அன்று இரண்டு தீபாவளி, இரண்டு பெருநாள்.

என் கல்யாணமும் நல்லபடி நடந்தது. ஆனால் மாமியார் என்னோடு அதிகம் பேசவில்லை. சோறு போடுவார், துணி எடுத்துத் தருவார், குளிர்கிறதா என்று கேட்பார். மருமகளே என்று ஒரு வார்த்தை வராது. யாராவது வந்து விசாரித்தால், மகன் கட்டிக்கிட்டு வந்த புள்ள என்பார். நாத்தனாரின் ஜாடைப் பேச்சைக்கூட நான் தாங்கிக்கொண்டேன். இது எனக்கு வலித்தது. அன்றைக்கு அடித்தது பொய் மணி என்பது எனக்குத் தெரியுமே, அதனால் கேட்கவும் வாய் வரவில்லை.

கல்யாணம் முடிந்து சில வாரம் கழித்து, கூறையைக் கட்டிக்கொண்டு பதுளைக் கோயிலுக்கு வந்தோம். என் வீட்டுக்காரர் வேனை நிறுத்த இடம் தேடிப் போனார். மாமியார் என்னைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவில் நடந்தார். எங்கள் கடைக்குத்தான் போகிறோம் என்று நான் சந்தோஷமாக நடந்தால், அவர் தெருவைக் கடந்து எதிர்க்கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளினார். நான் பின்வாங்கினேன். முதலாளி பார்த்தால் என்ன நினைப்பார். அதோடு கொசுவத்துக்குள் டேக் இருக்கிறது. மாமியார் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

எதிர்க்கடைக் கேட், ஒரு குறையும் வைக்காமல், வாய் நிறையக் கத்தியது.

கடைப் பெண்கள் ஓடிவந்தார்கள். அந்தக் கடை முதலாளி எழுந்து நின்றார். நான் தலையைக் குனிந்து, இந்த மண் பிளக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். மாமியார் என் கையை விடவில்லை. கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"பயப்படாதீங்க. இது என் மருமக. இவ வந்தா மணி அடிக்கும்."

அந்த வார்த்தை வந்துவிட்டது. எனக்குக் கண் கலங்கியது. அவர் சேலை பார்ப்பதுபோல என் பக்கம் சாய்ந்தார்.

"அன்னைக்கு ஒங்க முதலாளி குனிஞ்சு அந்த வயரப் புடுங்குனாரே, அந்த மேசைக்குப் பக்கத்துலதானே நான் இருந்தேன்."

அப்படியானால் ஏன் எதுவும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"கல்யாணமாகி அன்னைக்கு வரைக்கும் அந்த நாத்தனாருக்கு ஒரு பதில் சொல்ல எனக்கு வாய் வந்ததில்ல," என்றார். "எங்க வீட்டுக்கு ஒரு வாய் தேவப்பட்டுச்சு. அத நான்தான் பாத்து எடுத்தேன், வெயில்ல வச்சு."

அந்தக் கடையில் நாங்கள் ஒன்றும் வாங்கவில்லை. வெளியே வரும்போதும் கேட் கத்தியது. மாமியார் என்னை முன்னால் விட்டு, பின்னால் வந்தார்.